மண்ணில் செருகினால் சத்து சொல்லும் கம்பி: வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூன்றையும் நொடியில் போனில் காட்டும் என்று ஒரு சென்சார் கம்பியை விவசாயிகளிடம் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் விற்றார்கள். அது சொன்னபடி உரத்தை நிறுத்திய தக்காளி வயலில் ஒரு பருவ விளைச்சல் போனது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரே சரக்கை ஆளுக்கொரு ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள் என்பதால், பெயரைவிடச் சரக்கின் அடையாளம் தெரிவதுதான் உங்களுக்கு உதவும்.

உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை. அதன் அடியில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக ஸ்டீல் முட்கள், மேலே ஒரு கேபிள். கேபிள் போய்ச் சேரும் பெட்டியில் ஒரு பேட்டரியும் சிம் கார்டும் இருக்கும், தலையில் சின்ன சோலார் தகடு. ஆப்பைத் திறந்தால் ஏழு வட்டங்கள்: ஈரம், வெப்பம், ஈ.சி. (மின்சாரத்தைக் கடத்தும் திறன்), பி.எச். (அமில-கார அளவு), பிறகு தழை, மணி, சாம்பல். ஏழும் ஒரே கம்பியில் என்பதுதான் விளம்பரமே.

விற்க வந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "அண்ணே, இனிமே மண்ணைப் பையில கட்டிக்கிட்டு லேபுக்கு அலைய வேண்டாம். போனைப் பாத்து உரம் போடுங்க."

"மணிச்சத்தை இந்த முள்ளு எப்படித் தம்பி அளக்குது?"

"உள்ள ஏஐ இருக்குண்ணே."

இந்தப் பதில் போதாது, எழுத்தில் தாருங்கள் என்றேன். 'ஆய்வகத்துக்கு இணையான துல்லியம்' என்று வாட்ஸ்அப்பிலேயே அனுப்பினார். அந்த மெசேஜ் பத்திரமாக இருக்கிறது.

ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். ஈரம் காட்டும் வட்டம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. தோண்டிப் பார்த்தால் அது சொன்னதும் கைக்குத் தெரிந்ததும் ஒத்துப்போயின. அதற்குக் காரணமும் இருக்கிறது. மின்புலத்தில் தண்ணீர் நடந்துகொள்ளும் விதம் மண்ணைவிட மிகவும் வேறுபட்டது. மின்காப்பு மாறிலி என்று ஒரு எண் சொல்வார்கள். அது தண்ணீருக்கு 80 பக்கம், காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5. இவ்வளவு பெரிய வித்தியாசம் இருப்பதால் அதை அளந்து ஈரத்தைக் கணக்கிடலாம். டாப் என்பவரும் கூட்டாளிகளும் 1980-லேயே இதற்குச் சமன்பாடு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஈர சென்சார் ஏமாற்று வேலை இல்லை. முள்ளைச் சுற்றிக் காற்று இடைவெளி விடாமல் இறுக்கிச் செருகி, களிமண்ணா மணலா என்று பார்த்து அளவீட்டைச் சரிசெய்தால் பயன்படும். அந்த உண்மையின் முதுகில்தான் மற்றப் பொய்கள் ஏறி வந்தன.

வெயில் ஏறியதும் போர் தண்ணீர் உப்பு கூடிவிட்டது. அதே நேரத்தில் ஆப்பில் சிவப்பு எழுத்தில் செய்தி: 'தழைச்சத்து அதிகம். யூரியா, கலப்பு உரங்களை நிறுத்தவும்.' நிறுத்தினேன். சில நாளில் செடியின் அடியிலைகள் வெளுக்கத் தொடங்கி, வெளுப்பு மேலே ஏறியது. தழைச்சத்து போதாத செடி முதிர்ந்த இலையிலிருந்து உருவித்தான் கொழுந்துக்கு அனுப்பும், அதனால் அடியிலை முதலில் மஞ்சளாகும். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து சொன்னால், "ஓவர்டோஸ் ஆனாலும் இலை மஞ்சளாகும் சார், ஆப் சொல்றதை ஃபாலோ பண்ணுங்க" என்கிறார்கள். பேசியவர் தக்காளிச் செடியை நேரில் பார்த்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

பழைய ஸ்கிரீன்ஷாட்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. தண்ணீர் பாய்ந்த மறுநாள் தழை, மணி, சாம்பல் மூன்றும் ஏறுகின்றன. மண் காய்ந்தால் மூன்றும் இறங்குகின்றன. அதுவும் ஒரே விகிதத்தில். தழை இரண்டு மடங்கானால் மணியும் இரண்டு மடங்கு, சாம்பலும் இரண்டு மடங்கு. எந்த மண்ணிலும் மூன்று சத்துகள் இப்படிக் கைகோத்து நடப்பதில்லை. கூடவே ஏறி இறங்கிய இன்னொரு வட்டம் ஈ.சி.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை இரண்டு டம்ளரில் எடுத்தேன். ஒன்றில் சமையல் உப்பு, இன்னொன்றில் யூரியா. உப்பில் சோடியமும் குளோரினும்தான் உண்டு, தழையோ மணியோ சாம்பலோ கிடையாது. யூரியாவோ எடையில் 46 சதவீதம் தழைச்சத்து. கம்பியை உப்புத் தண்ணீரில் விட்டதும் மூன்று வட்டங்களும் பச்சையைத் தாண்டிச் சிவப்புக்குப் போயின. 'தழைச்சத்து மிக அதிகம், உரம் தேவையில்லை' என்று அறிவுரை வேறு. முள்ளைக் கழுவித் துடைத்து யூரியாத் தண்ணீரில் விட்டேன். ஏறக்குறைய பூஜ்யம். 'தழைச்சத்து மிகக் குறைவு.' அதாவது, தழைச்சத்தே இல்லாத டம்ளரில் ஏராளம், தழைச்சத்து கரைந்து கிடக்கும் டம்ளரில் பஞ்சம்.

காரணம் எளிது. ஈரமும் வெப்பமும் போக, அந்த முட்களுக்குத் தெரிந்தது மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பது மட்டும்தான். கரைந்த உப்புகள் அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைக் கடத்தும், அது எந்த உப்பு என்று முள்ளுக்குத் தெரியாது. யூரியா தண்ணீரில் அயனியாகப் பிரியாமல் முழு மூலக்கூறாகவே கரைவதால் அதன் கண்ணில் படாது. மண்ணில் நொதி வேலை செய்து அமோனியமாக மாற்றிய பிறகுதான் படும். அளந்த ஈ.சி.யை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கித் தழை, இன்னொன்றால் பெருக்கி மணி, மற்றொன்றால் பெருக்கிச் சாம்பல் என்று மூன்று வட்டங்களில் போட்டுவிடுகிறார்கள். பெட்டிக்குள் கிடந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அந்தப் பெருக்கெண்களை எப்படி மாற்றுவது என்றுகூடப் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

மணிச்சத்து விஷயத்தில் இது இன்னும் மோசம். பெரும்பாலான மணிச்சத்து மண் துகளோடும் சுண்ணாம்போடும் இரும்போடும் ஒட்டிக்கிடக்கும், தண்ணீரில் கரைந்து நிற்பது மிகச் சொற்பம். அதைக் கழற்றி எடுக்கத்தான் லேபில் மண்ணைக் கரைசலில் போட்டுக் குலுக்குகிறார்கள். அமில மண்ணுக்கு 1945-ல் பிரேயும் குர்ட்ஸும் சொன்ன முறை, கார மண்ணுக்கு 1954-ல் ஓல்சன் சொன்ன சோடியம் பைகார்பனேட் முறை, இன்றும் இவை பரவலாக நடப்பில் இருக்கின்றன. கரையாமல் கிடப்பதைக் கரைக்காமலே நாலு ஸ்டீல் முள் அளந்துவிடும் என்றால் லேபை மூடிவிட வேண்டியதுதான். பி.எச். வட்டமும் இதே ஜாதிதான். முறையான பி.எச். மீட்டரில் ஹைட்ரஜன் அயனியை உணரும் கண்ணாடி மின்முனை இருக்கும், 4, 7 என்று பி.எச். தெரிந்த கரைசல்களில் முக்கி அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். ஸ்டீல் முள்ளில் அந்த வேலை நடக்காது. தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட்டைத் தனியாகப் பிரித்தறியும் மின்முனைகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் அவையும் அளவு நகர்ந்துகொண்டே இருப்பவை, அடிக்கடி சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். வயலில் செருகிவிட்டு மறந்துவிடும் சரக்கு இல்லை.

மண்ணை லேபுக்கு அனுப்பினேன். தழை குறைவு, உப்பு அதிகம் என்று முடிவு வந்தது. என் ஆத்திரமெல்லாம் இங்கேதான். ஈரம் போக, கம்பி அளந்த இன்னொரு விஷயமும் சரியாகத்தான் இருந்தது. உப்பு ஏறுகிறது என்று அது நாள் தவறாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அந்த எச்சரிக்கையை அப்படியே காட்டியிருந்தால் நல்ல தண்ணீர் பாய்ச்சி வேர்ப் பகுதி உப்பைக் கீழே இறக்கியிருக்கலாம். அதற்குச் 'சத்து' என்று பெயர் மாற்றி, வயல் செழிப்பாக இருப்பதாகக் காட்டி, உரத்தையும் நிறுத்த வைத்தார்கள்.

நிறுவனத்திடம் டம்ளர் வீடியோவை அனுப்பியதும் வந்த முதல் பதில், "இது தண்ணிக்கான சென்சார் இல்ல சார், மண்ணுக்கானது." சரி என்று கழுவிக் காயவைத்த மணலில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன், அதே கூத்து. அடுத்து, "ஏஐ உங்க மண்ணைக் கத்துக்க ஒரு சீசன் ஆகும்." உள்ளே வரும் எண்ணில் மணிச்சத்தைப் பற்றிய தகவலே இல்லாதபோது அது எதைக் கற்கும்? கடைசியாக, ஆப்பின் விதிமுறைப் பக்கத்தில் உள்ள ஒரு வரியை எடுத்து நீட்டினார்கள்: 'அளவீடுகள் குறிப்புக்காக மட்டுமே.' நான் கடுமையாக விமர்சனம் எழுதியதும் கணக்கு முடக்கப்பட்டது. அதோடு என் வயலின் பழைய தரவும் போனது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தேன்.

இதே பொட்டலத்தில் இன்னும் இரண்டு இணைப்புகள் தந்தார்கள். தானியங்கி வால்வு ஒன்று. திறக்க ஒரு மின்துடிப்பு, மூட ஒரு மின்துடிப்பு, இடையில் கரண்ட் வேண்டாம் என்ற வகை. பேட்டரிக்கு நல்லதுதான். ஆனால் மூடச் சொல்லும் கட்டளை சர்வரிலிருந்து வர வேண்டும். ஒரு ராத்திரி சிக்னல் போய், திறந்த வால்வு விடியும்வரை திறந்தே கிடந்தது. நல்ல கன்ட்ரோலரில் நேரக்கணக்கு பெட்டிக்குள்ளேயே ஓடும், நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூடிவிடும்.

இரண்டாவது, 'தினசரி செயற்கைக்கோள் பயிர் நலம்'. விசாரித்தால் அது ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 படம், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே இடத்தை ஏறக்குறைய 5 நாளுக்கு ஒருமுறைதான் எடுக்கும், மேகம் இருந்தால் அதுவும் இல்லை. ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஓர் ஏக்கருக்குச் சுமார் 40 புள்ளிதான். அதில் ஓரத்துப் புள்ளிகளில் வரப்பும் பாதையும் கலந்துவிடும். மேகமூட்டம் விலகாத நாட்களிலும் எனக்குப் 'புதிய' படம் வந்தது, பழைய படத்தில் தேதியை மட்டும் மாற்றி.

கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஈர சென்சாரை இன்னும் வைத்திருக்கிறேன், ஒரு கையடக்க ஈ.சி. மீட்டரும் வாங்கிப் போர் தண்ணீரைச் சோதிக்கிறேன். ஏழு வட்டக் கம்பியோடு யாராவது வந்தால், பணம் கொடுக்கும் முன் உப்பு டம்ளரையும் யூரியா டம்ளரையும் அவர் கண் முன்னே வையுங்கள். சோதிக்க விடமாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். எந்த முறையில் அளக்கிறது, தரவை நம் கணினிக்கு இறக்கிக்கொள்ளலாமா, சந்தா நின்றால் வால்வு வேலை செய்யுமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். சத்துக்கு லேப்தான். வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பல இடத்தில், வரப்பு ஓரம், மர நிழல், எருக்குவித்த இடம் தவிர்த்து, மேல்குப்பையை நீக்கி, ஆங்கில வி எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, குழியின் பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ அனுப்பினால் போதும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 'ப்ரோ' மாடல் ஒன்றை மாற்றாக அனுப்பினார்கள். ஸ்டிக்கர் நிறம்தான் வேறு, முட்கள் அதே முட்கள். வாங்காமல் திருப்பிவிட்டேன். வாட்ஸ்அப் மெசேஜ், டம்ளர் வீடியோ, லேப் அறிக்கை மூன்றையும் வைத்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் பைசா வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் இந்தப் பதிவிலேயே கீழே சேர்க்கிறேன்.