மூடியைப் பார்க்காமல் மசாலா ஷேக்கர் வாங்காதீர்கள்: எனக்கு நடந்தது

வீட்டில் பார்பிக்யூ ரப் (இறைச்சியில் தூவித் தேய்க்கிற உலர் மசாலாக் கலவை) கலந்து வைக்கிறவர்கள் யாராவது அதைத் தூவுவதற்கு ஷேக்கர் டப்பா தேடிக்கொண்டிருந்தால், ஆர்டர் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ஒரு செட் வாங்கினேன். எவர்சில்வர் மூடி, காற்றுப் புகாது, ஒவ்வொன்றிலும் 300 கிராம் பிடிக்கும், பெட் (PET) ரகப் பிளாஸ்டிக் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இதில் எதுவுமே உண்மை இல்லை. பணம் இதுவரை திரும்பி வரவில்லை. பணத்தைவிட எனக்கு ஆறாதது, பார்த்துப் பார்த்துக் கலந்த மசாலாவைத் துருவோடு சேர்த்துக் குப்பையில் கொட்ட வேண்டி வந்ததுதான்.

முதலில் மூடி. வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது. உப்பு, பழுப்புச் சர்க்கரை, பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள்), பூண்டுத்தூள், கரகரப்பாக உடைத்த மிளகு எல்லாம் சேர்ந்த ரப்பைப் போட்டு வைத்தேன். சில வாரங்களிலேயே ஓட்டைகளைச் சுற்றிப் பழுப்பு வளையம் வந்துவிட்டது. பாப்ரிகா ஒட்டியிருக்கிறது என்று துடைத்தால் போகவில்லை, விரலில் சொரசொரவென்று உதிர்ந்தது. அது எவர்சில்வரே இல்லை, மேலே வெள்ளீயம் மெல்லிசாகப் பூசிய சாதாரண இரும்புத் தகடு. பூச்சு முழுசாக இருக்கும்வரை அந்தத் தகடு ஓரளவு தாங்கும், ஆனால் ஷேக்கர் மூடியில் ஓட்டை குத்துகிறார்களே, அந்த இடத்தில் பூச்சு அறுபட்டு உள்ளே இருக்கிற வெறும் இரும்பு வெளியே வந்துவிடுகிறது. உப்பும் ஈரமும் போய் உட்காருவதும் சரியாக அந்த விளிம்பில்தான். அதனால்தான் மூடியின் நடுப்பகுதி புதுசு மாதிரி இருக்க, ஓட்டைகள் மட்டும் அரித்துப்போயிருந்தன. துருத்தூள் கொஞ்சம் வயிற்றுக்குள் போனால் விஷம் என்று பயமுறுத்த மாட்டேன், ஆனால் மசாலாவில் இரும்பு வாடை ஏறிவிடும். உள்பக்கம் பூசியிருந்த வார்னிஷ் மாதிரி ஏதோ ஒன்றும் செதில் செதிலாக உரிந்து ரப்பில் விழுந்திருந்தது, அதை யாருக்கும் சாப்பிடக் கொடுக்க எனக்கு மனசு வராது.

காந்தம் வைத்துப் பார்த்தால் எவர்சில்வரா இல்லையா என்று தெரிந்துவிடும் என்பார்கள். அதை மட்டும் நம்பிவிட வேண்டாம். 430 ரக எவர்சில்வரில் காந்தம் நன்றாகவே ஒட்டும். 201 ரகத்தில் ஒட்டாது, ஆனால் அதில் நிக்கல் குறைவு, உப்பை 304 ரகத்தின் அளவுக்குத் தாங்காது. 304-இல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம் இருக்கும், அதிலும்கூட அழுத்தி வளைத்த இடங்களில் காந்தம் லேசாக இழுக்கும். இதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு: டிஷ்யூ காகிதத்தைக் கெட்டியான உப்புத் தண்ணீரில் நனைத்து, மூடியின் ஓட்டைகள் மேல் போர்த்தி, காய்ந்துவிடாமல் ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் காகிதத்தில் ஆரஞ்சு புள்ளிகள் தெரிந்தால் அந்த மூடி உப்புச் சேர்த்த எந்த மசாலாவுக்கும் ஆகாது. டப்பாவில் எதையும் நிரப்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அடுத்து அந்தக் 'காற்றுப் புகாது'. விளம்பரப் படத்தில் மூடிக்குள் வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது. கைக்கு வந்த மூடியில் வளையமும் இல்லை, அது உட்காருவதற்கான பள்ளமும் இல்லை. ஓட்டைகளை மூடுவதற்கு மேலே சுழலும் தகடு ஒன்றுதான் இருந்தது, அதற்கும் மூடிக்கும் நடுவே நகம் போகிற அளவுக்கு இடைவெளி. இப்படிச் சுழலும் தகடு வைத்த மூடி எதுவுமே காற்றுப் புகாததாக இருக்க முடியாது என்பது என் கருத்து. கொஞ்ச நாள் பழகியதும் உப்புப் பரல் நடுவில் மாட்டிக்கொள்ளும், அப்புறம் தகடு படியவே படியாது.

ரப்புக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அதில் இருக்கிற பொருள் முக்கால்வாசியும் ஈரத்தை இழுக்கக்கூடியவை. சுத்தமான உப்பு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசிய ஆரம்பிக்கும். ஆனால் உப்பும் சர்க்கரையும் ஒன்றாகக் கலந்தால், தனித்தனியாக இருப்பதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே இரண்டும் சேர்ந்து கசியத் தொடங்கும். பூண்டுத்தூளும் வெங்காயத்தூளும் சொல்லவே வேண்டாம், மூடி கொஞ்சம் தளர்ந்தாலே நமுத்துக் கட்டியாகிவிடும். என் டப்பாவில் மேல் பகுதி பிசுபிசுவென்றும், அதற்குக் கீழே கல்லாகவும் போய்விட்டது. கத்தியால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது, குத்தும்போது டப்பாவும் கீறல் விட்டது.

மூடி அடைக்கிறதா என்று பார்ப்பது சுலபம். பாதி தண்ணீர் ஊற்றி, இறுக்கி மூடி, ஒரு காகிதத்தின் மேல் தலைகீழாக வையுங்கள். சொட்டினால் விஷயம் முடிந்தது. என்னுடையது சொட்டக்கூட இல்லை, ஒழுகியது.

300 கிராம் கதை இன்னும் மோசம். அளந்து பார்த்தால் விளிம்புவரை 250 மில்லிதான். விற்பனையாளரிடம் கேட்டேன், "உப்பு போட்டால் 300 கிராம் வரும்" என்று பதில் வந்தது. பொடி உப்பு கனமானது, ஒரு மில்லிக்கு 1.2 கிராம் அளவில் நிற்கும், அதனால் கணக்கு என்னவோ சரிதான். ஆனால் மசாலாத் தூள்கள் லேசானவை, பலதும் ஒரு மில்லிக்கு அரை கிராம் சுற்றித்தான். உப்பும் சர்க்கரையும் சேர்ந்த என் ரப்பே அந்த டப்பாவில் 180 கிராமுக்கு மேல் போகவில்லை, அதுவும் விளிம்புவரை அமுக்கினால். ஷேக்கரை அப்படி நிரப்பவும் கூடாது, குலுக்குவதற்கு மேலே கொஞ்சம் காலி இடம் வேண்டும். அதனால் கிராமில் கொள்ளளவு சொல்கிற விளம்பரத்தைக் கண்டாலே மில்லி எவ்வளவு என்று கேளுங்கள். அவுன்ஸ் என்று போட்டிருந்தாலும் இதே சிக்கல் உண்டு. பாட்டிலுக்குச் சொல்கிற 16 அவுன்ஸ் என்பது பெரும்பாலும் திரவ அளவு, அதாவது சுமார் 473 மில்லி. 16 அவுன்ஸ் எடையுள்ள மசாலா அதில் பிடிக்கும் என்று நினைத்து வாங்கினால் பாதி வெளியே நிற்கும்.

பிளாஸ்டிக் விஷயத்துக்கு வருகிறேன். பெட் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் இருக்க வேண்டும். எனக்கு வந்த டப்பாக்களின் அடியில் 6 இருந்தது, அது பாலிஸ்டைரீன். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், கீழே விழுந்தால் உடையும், முக்கியமாக கிராம்பு எண்ணெய் அதற்கு ஆகாது. கிராம்பு சேர்த்த ரப் போட்ட டப்பா உள்பக்கம் மங்கி, நுண்ணிய வெடிப்புகளோடு வெள்ளை பூத்துவிட்டது. அந்த எண் எந்த ரகப் பிளாஸ்டிக் என்றுதான் சொல்லும், உணவு வைக்கலாம் என்பதற்கான சான்று அது இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சில நாடுகளில் கோப்பையும் முள்கரண்டியும் வரைந்த குறி ஒன்று உண்டு, உணவு படலாம் என்பதற்கு அதைத்தான் தேட வேண்டும். 'பிபிஏ இல்லாதது' என்று பெருசாகப் போட்டிருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம், பிபிஏ என்பது சில பிளாஸ்டிக்குகளில் இருக்கிற ஒரு வேதிப்பொருள், பெட்டிலும் பாலிப்ரொப்பிலீனிலும் எப்போதுமே பிபிஏ சேர்ப்பதில்லை.

ஓட்டை அளவைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, நான் தனியாகக் கேட்டதற்கு "எல்லா மசாலாவுக்கும் பொருந்தும்" என்றார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஓட்டை என்று ஒன்று கிடையாது. பார்பிக்யூவுக்குப் பலரும் எடுக்கிற 16 மெஷ் (மெஷ் என்பது சல்லடைக் கண்ணின் அளவு) மிளகு ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் பருமன் இருக்கும். வந்த மூடியின் ஓட்டை அதைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, ஒன்றிரண்டு மிளகு சேர்ந்து வந்தாலே ஓட்டையின் வாயில் வளைவாக அடைத்துக்கொண்டு நின்றுவிடும். தடையில்லாமல் விழ வேண்டுமென்றால் ஓட்டை, தூளின் பெரிய துகளைப் போல நாலைந்து மடங்காவது இருக்க வேண்டும். அடைப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கூடவே வருகிற இன்னொரு கேடுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது: ஒவ்வொரு குலுக்கலுக்கும் பொடி உப்பும் நுண்தூளும் மட்டும் இறங்க, மிளகு உள்ளேயே தங்கிவிடுகிறது. முதலில் தூவிய இறைச்சி உப்புக் கரித்தது, டப்பாவின் கடைசியில் மிஞ்சியதோ வெறும் மிளகு. நாம் அளந்து கலந்த விகிதத்தையே மூடி மாற்றிவிடுகிறது! கரகரப்பான ரப்புக்கு 5 மில்லிமீட்டர் அளவில் ஓட்டை வைத்த மூடி வேண்டும், அல்லது ஒரு பக்கம் ஓட்டை, மறுபக்கம் கரண்டி போகிற அகலத் திறப்பு என்று இரண்டு மடல் வைத்தது.

எந்த ஷேக்கராக இருந்தாலும் அடுப்பின் சூட்டுக்கு நேர் மேலே பிடித்துக் குலுக்காதீர்கள், ஆவி நேராக ஓட்டைக்குள் ஏறி அடைத்துக்கொள்ளும்.

இனி விற்பனையாளரின் கதை. துருப்படத்தை அனுப்பியதும் வந்த முதல் பதில், "மூடியில் உப்பு படாமல் பயன்படுத்தவும்". மசாலா ஷேக்கர் என்று விற்றுவிட்டு உப்பு படக்கூடாது என்கிறார்கள்! அப்புறம் வேறு கோணத்தில் படம், பிறகு வீடியோ, பிறகு பெட்டியின் படம் என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். எல்லாம் அனுப்பி முடித்ததும், பொருளைப் பயன்படுத்திவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். இதற்குத்தான் நிரப்புவதற்கு முன்பே சோதிக்கச் சொன்னேன். இறுதியில், நான் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் பாதிப் பணம் தருவதாக ஒரு செய்தி வந்தது. நீக்கவில்லை, நீக்கவும் மாட்டேன். அந்தப் பக்கத்தில் இருக்கிற பழைய ஐந்து நட்சத்திர விமர்சனங்களைக் கவனித்துப் படித்தால், பலவற்றில் இருக்கும் படம் வேறு ஏதோ கண்ணாடிக் குடுவை. வேறு பொருளுக்கு வந்த பாராட்டை இதற்குக் கீழே ஒட்டவைத்திருக்கிறார்கள்.

டப்பாவையாவது காப்பாற்றலாம் என்று மாற்று மூடி கேட்டபோது அனுப்பியதும் பொருந்தவில்லை. இதில் ஒரு தகவல் பலருக்கும் உதவும். மசாலா பாட்டில் மூடிகளுக்கு 53-485 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முன்னது விட்டம் மில்லிமீட்டரில், பின்னது மரையின் வகை. எனக்கு வந்தவை 53-400. விட்டம் ஒன்றுதான், மரை வேறு, அரைச் சுற்றுக்கு மேல் திருகினால் கோணிக்கொண்டு நிற்கிறது. மூடி தனியாக வாங்கும்போது இரண்டு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

இப்போது நான் வைத்திருப்பது கண்ணாடிக் குடுவையும் பாலிப்ரொப்பிலீன் மூடியும், உள்ளே சிலிக்கோன் வளையத்தோடு. பார்க்க அழகில்லை, ஆனால் உப்பு அதை ஒன்றும் செய்யாது. பாப்ரிகாவின் நிறம் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் குடுவையை அலமாரிக்குள் வைத்துவிடுகிறேன், தூவும் அன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் ஷேக்கரில் மாற்றிக்கொள்கிறேன்.

இதே மாதிரி சுழலும் தகடு மூடி வைத்த செட் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தால், இன்றைக்கே மூடியைக் கழற்றி உள்பக்கமாக ஓட்டை விளிம்புகளைப் பாருங்கள். பழுப்பு தெரிந்தால் மேலே இருக்கிற மசாலாவைச் சலித்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், துருத்தூள் மிளகாய்த்தூளோடு கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். கொட்டுவதற்கு முன் மூடி, அடியில் இருக்கும் எண், விளம்பரப் பக்கம் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். விளம்பர வாசகத்தை அவர்கள் பிறகு மாற்றிவிடுகிறார்கள், என் விஷயத்தில் 'எவர்சில்வர்' என்ற வார்த்தை இப்போது அந்தப் பக்கத்திலேயே இல்லை.