வாட்டர் கலரா, அக்ரிலிக்கா? பறவையும் வயலும் வரைய எது வசதி

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் உட்கார்ந்து வரையக் கிளம்புகிறவர்கள் பலருக்கும் முதல் குழப்பம் இதுதான்.

சுமை: வாட்டர் கலருக்குச் சின்னப் பெட்டி, ஒரு தூரிகை, ஒரு பாட்டில் தண்ணீர் போதும். அக்ரிலிக்குக்கு ட்யூப், தட்டு, கேன்வாஸ் எல்லாம் தூக்க வேண்டும்.

செலவு: வாட்டர் கலருக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) கனத்த தாள் வாங்குங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மெல்லிய தாள் நனைந்ததும் நெளிந்துவிடும்.

வெயில்: தட்டில் காய்ந்த வாட்டர் கலர் ஈரத் தூரிகை பட்டால் மறுபடி கரையும். அக்ரிலிக் காய்ந்தால் அவ்வளவுதான், தூரிகையும் போச்சு.

திருத்தம்: கொக்கின் வெள்ளைக்கு வாட்டர் கலரில் தாளையே வண்ணம் பூசாமல் விட்டுவைக்க வேண்டும். அக்ரிலிக்கில் மேலே வெள்ளை பூசிக்கொள்ளலாம்.

ஆயுள்: மஞ்சள் மூக்கு நாரையின் வால்பக்கத்தில் அழகான ஓர் இளஞ்சிவப்பு உண்டு. அதை அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு வண்ணத்தில் தீட்டினால் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும், குவினாக்ரிடோன் ரோஸ் என்ற வண்ணம் வெளுக்காமல் நிற்கும். வாட்டர் கலர் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் அவசியம். அக்ரிலிக்குக்கு வார்னிஷ் போதும்.

சரி, எது யாருக்கு? பறவை எழும்புவதற்குள் வரைந்துவிட நினைத்தால் வாட்டர் கலர். கூடத்தில் மாட்டப் பெரிய வயல்வெளி வேண்டுமென்றால் அக்ரிலிக். நான் கரையில் வாட்டர் கலரில் வரைந்துகொண்டு, வீட்டுக்கு வந்து அதைப் பார்த்து அக்ரிலிக்கில் தீட்டுகிறேன்.