ஒர்க்ஃப்ளோ டூல்களுக்கு டேக் போட்டுத் தருகிறோம் என்றால் உஷார், என் 32,000 ரூபாய் போச்சு

"இதுக்கு மேல எங்களால ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்று இன்று காலையில் வாட்ஸ்அப்பில் பதில் வந்தது, அடுத்த நிமிஷமே என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்கள். கோபம் ஆறும் முன்பே எழுதிவிடுகிறேன். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பிஎச்டி பண்ணுகிற யாராவது இதே மாதிரி இடத்துக்குப் போகும் முன் படிக்கட்டும். என்னென்ன கவனிக்கணும் என்றும் கடைசியில் சொல்கிறேன்.

கடைப் பெயர் வேண்டாம். தீசிஸ், சாஃப்ட்வேர் எல்லாம் செய்து தருவதாக போர்டு வைத்திருக்கிற ஒரு புராஜெக்ட் சென்டர், அவ்வளவுதான்.

மணக்குடிக் கழிமுகத்துச் சேற்றில் இருக்கிற பாக்டீரியாக்களின் டிஎன்ஏ வரிசையை அலசுவது என் வேலை. டூல்களை வரிசையாகக் கோத்து ஓட்டுகிற கேலக்ஸி என்ற தளத்தில்தான் ஒர்க்ஃப்ளோ ஓட்டுகிறோம். எனக்கு முன்னால் லேபில் இருந்தவர்கள் எழுதிப் போட்ட டூல்கள் நூற்றுக்கு மேல் கிடக்கின்றன, பெயரெல்லாம் 'ஃபைனல்2', 'நியூகிளீன்' என்று. எது எந்த ஃபைலை வாங்கி எதைத் தரும் என்று ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஈடாம் ஆன்டாலஜி (டூல் செய்கிற வேலை, ஃபைல் வகை எல்லாவற்றையும் மேல்வகை, கீழ்வகையாக அடுக்கிய பொதுப் பட்டியல்) குறியீடு போட்டு, பெயர் தெரியாவிட்டாலும் செய்கிற வேலையை வைத்துத் தேடி எடுக்கிற மாதிரி செய்து தரச் சொன்னேன். 32,000 ரூபாய், முழுவதும் முன்பணம்.

அங்கே இருந்த பையன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி 'சீக்வென்ஸ் அலைன்மென்ட்', அதாவது வரிசைகளை ஒப்பிட்டு அடுக்குவது, என்று அடித்தான். பல வரிசைகளை ஒன்றாக அடுக்குகிற மாஃப்ட், கிளஸ்டல் ஒமேகா என்ற டூல்கள் இரண்டும் வந்து நின்றன. ஈடாமில் 'மல்டிபிள் சீக்வென்ஸ் அலைன்மென்ட்' என்பது அதற்குக் கீழ்வகை, மேல்வகையைத் தேடினால் கீழே இருப்பதும் வரணும், நான் கேட்டதே அதைத்தான். "பாத்தீங்களா சார், இதுதான் செமான்டிக்" என்றான், பெயரை விட்டுப் பொருளை வைத்துத் தேடுவதாம். ஓனர் டீ சொன்னார். டீ வருவதற்குள் ஜிபேயில் போட்டுவிட்டேன்.

வேலை கைக்கு வந்த பிறகு கோடைத் திறந்தால், அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இரண்டு டூல் பெயரை நேராக எழுதி வைத்திருக்கிறான்! மற்றதெல்லாம் வெறும் பெயர்த் தேடல். எங்கள் லேப் டூல்கள் அத்தனைக்கும் ஆபரேஷன்_0004 என்று ஒரே குறியீடு. அது ஈடாமில் எல்லாச் செயல்களுக்கும் தலைவேர், மளிகைக் கடையில் எல்லா டப்பாவிலும் 'சாமான்' என்று ஒட்டினது போல. ஃபைல் வகைக்கும் எல்லாவற்றிலும் ஃபார்மேட்_1929, அதாவது வரிசை மட்டும் இருக்கிற ஃபாஸ்டா. தரம் குறைந்த பகுதிகளை வெட்டுகிற என் டிரிம்மிங் டூல் தருவது தர மதிப்பெண்ணோடு வரும் ஃபாஸ்ட்க்யூ, அதற்குக் குறியீடு 1930. ஃபாஸ்ட்க்யூ வாங்குகிற டூல் எது என்று தேடினால் ஒன்றுகூட வரவில்லை. எல்லாரும் பயன்படுத்துகிற பொது டூல்களுக்கு பயோ.டூல்ஸ் தளத்தில் இந்தக் குறியீடெல்லாம் இலவசமாகவே கிடக்கிறது, அதைப் பார்த்து எழுதக்கூட வலிக்கிறதா இவர்களுக்கு? இதற்கு 32,000 ரூபாய்!

கேட்டால் முதலில் "பிரவுசர் கேஷ் கிளியர் பண்ணுங்க சார்". அப்புறம் "டீம்ல சொல்லியிருக்கோம்". அப்புறம் ஊர்க் கோயில் கொடை, ஆள் லீவு. நேரில் போய் நின்றால், ஆன்டாலஜி புது வெர்ஷன் வந்துவிட்டதாம், அதற்குத் தனியாக 8,000 ஆகுமாம். 0004 எந்த வெர்ஷனில் சார் டிரிம்மிங் ஆச்சு என்று கேட்டேன், ஓனர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சரி, சொல்வதாகச் சொன்னது. டெமோவில் தேடுகிற சொல்லை நீங்கள் கொடுங்கள். முதலில் பத்து டூலுக்கு மட்டும் செய்யச் சொல்லி அதற்கு மட்டும் காசு கொடுங்கள். குறியீடு எழுதியிருக்கிற எக்ஸ்எம்எல் ஃபைலில் 0004 என்று தேடிப் பாருங்கள், எல்லா டூலிலும் அதுவே வந்தால் ஏமாற்று. வேறு எதுவும் இப்போது தோன்றவில்லை, கைடு வேறு கூப்பிடுகிறார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன். இதே மாதிரி சென்டரில் மாட்டினவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் வாங்க, சேர்ந்தே மனு போடலாம்.