சீலிங் பலகையை மூடுவதற்கு முன் ஹேங்கரைப் பாருங்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு முன்னறைக்கு மேலே, 12 அடிக்கு 10 அடியில் மரத்தால் ஒரு மச்சு போட்டோம். மகளும் பேரனும் விடுமுறைக்கு வந்தால் தங்குவதற்கு. மே மாதம் வேலை முடிந்தது. நவம்பரில், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், மேலே புத்தக அலமாரியை நகர்த்தியபோது காலடியில் 'டக்' என்று ஒரு சத்தம். சுவரோரம் தரைப் பலகை ஓர் அங்குலம் இறங்கியிருந்தது. அந்த மூலையில்தான் பேரன் பாய் விரித்துப் படுப்பான். எனக்குக் கைகால் ஓடவில்லை.

ஒப்பந்ததாரரிடம் தொலைபேசியில் சொன்னேன். "மலைக்காற்றுக்கு மரம் சுருங்கத்தான் செய்யும் டீச்சர், பயப்படாதீர்கள்" என்றார். அதற்குப் பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவே இல்லை.

குன்னூரிலிருந்து ஒரு வயதான தச்சரை வரவழைத்தேன். கீழே அடித்திருந்த சீலிங் பலகைகளில் நான்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "டீச்சர், முதலில் மேலே இருக்கும் சாமான்களை இறக்குங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்றார்.

அவர் பார்த்தது ஜாய்ஸ்ட் ஹேங்கரை. தளப் பலகைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை உத்திரத்தின் மேல் ஏற்றி வைக்காமல் இரண்டும் ஒரே மட்டத்தில் வரவேண்டுமென்றால், உத்திரத்தின் பக்கவாட்டில் 'யு' வடிவத்தில் ஓர் இரும்புத் தொட்டிலை அறைந்து, சட்டத்தின் நுனியை அதில் உட்கார வைப்பார்கள். அந்தக் காலத்தில் உத்திரத்தில் குழி பொளித்து, சட்டத்தின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி இறக்கிய வேலையை இன்று இந்தத் தொட்டில் செய்கிறது. தளத்தின் பாரமெல்லாம் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. எங்கள் மச்சில் 10 சட்டம், 20 ஹேங்கர். வீட்டு அறைத் தளத்துக்கு நம் நாட்டுத் தரவிதி ஐ.எஸ். 875 சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ. சட்டங்களுக்கு நடுவே 16 அங்குலம் விட்டால், மரத்தின் எடை போக ஒவ்வொரு ஹேங்கரும் 120 கிலோவைத் தாங்க வேண்டும். ஒப்பந்ததாரர் பில்லில் 'ஹாட் டிப் கால்வனைஸ்டு, 275 ஜி.எஸ்.எம்., 18 கேஜ்' என்று, அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கி, சதுர மீட்டருக்கு 275 கிராம் பூச்சு ஏறிய தகடு என்று எழுதி, ஒன்றுக்கு 480 ரூபாய் வாங்கியிருந்தார்.

தச்சர் ஒன்றைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நகத்தால் சுரண்டினேன். வெள்ளி நிறம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. துத்தநாகப் பூச்சே இல்லை, வெறும் அலுமினியப் பெயின்ட். அடியில் செந்துரு. 18 கேஜ் என்றால் தகட்டின் தடிமன் சுமார் 1.2 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தடிமன் அளக்கும் வெர்னியர் காட்டியது 0.8. 275 ஜி.எஸ்.எம். பூச்சு உண்மையாகவே இருந்தால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான் துத்தநாகம் இருக்கும். அது நகத்துக்கு உதிராது. நனைந்து பழசானால் முதலில் வெள்ளைப் பொடிதான் பூக்கும். ஆறே மாதத்தில் செந்துரு தெரிந்தால் அடியிலிருக்கும் இரும்பே அரிக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். எங்கள் சட்டங்கள் பூச்சி அரிக்காமல் இருக்கச் செம்பு கலந்த பச்சை மருந்து ஏற்றிய பைன் மரம். ஈரம் பட்டால் அந்த மருந்து சாதாரணத் துத்தநாகத்தையே வேகமாகத் தின்னும். வடகிழக்குப் பருவமழையும் பனிமூட்டமுமாக இருக்கும் கோத்தகிரியில் பெயின்ட் எத்தனை நாள் நிற்கும்?

அதைவிட என்னை உலுக்கியது ஆணி. உத்திரப் பக்கம் எட்டுத் துளைகள்; அடித்திருந்தது நான்கில். அதுவும் ஆணி அல்ல, ஜிப்சம் பலகையை முடுக்கும் கருப்பு ஸ்க்ரூ. அது கடினமானது, ஆனால் வளையாது. பக்கவாட்டில் பாரம் வந்தால் சட்டென்று முறியும். தச்சர் ஸ்க்ரூடிரைவரால் திருப்பும்போதே மூன்றின் தலை முறிந்து கீழே விழுந்தது. அலமாரியை நகர்த்தியபோது நான் கேட்ட 'டக்'கும் இப்படி ஸ்க்ரூ முறிந்த சத்தம்தான். ஹேங்கருக்குத் தடித்த, கால்வனைஸ்டு ஆணிதான் அடிக்க வேண்டும். ஸ்க்ரூதான் வேண்டுமென்றால் ஹேங்கர் செய்தவரே அதற்கென்று சொல்லும் ஸ்க்ரூவாக இருக்க வேண்டும். ஹேங்கர் தாங்கும் பாரத்தை எல்லாத் துளைகளிலும் ஆணி இருப்பதாக வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். பாதித் துளையை விட்டால் அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது.

அளவும் தப்பு. தொட்டிலின் உள்ளகலம் 38 மில்லிமீட்டர். அமெரிக்காவில் 'இரண்டு அங்குலம்' என்று விற்கும் மரம் இழைத்த பிறகு அவ்வளவுதான் இருக்கும். ஹேங்கரும் அதற்கேற்றபடி வரும். நம் மரவாடியில் அறுத்த சட்டம் முழு 50 மில்லிமீட்டர். அதை நுழைப்பதற்காக ஒவ்வொரு சட்டத்தின் நுனியையும் இருபுறமும் செதுக்கித் தள்ளியிருந்தார்கள். உயரமும் மூன்றே அங்குலம். சட்டம் ஆறு அங்குலம் என்றால் ஹேங்கர் அதில் 60 சதவீதமாவது, அதாவது மூன்றரை அங்குலத்துக்கு மேல், ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டம் பக்கவாட்டில் புரளும். சில நுனிகள் உத்திரத்தைத் தொடவே இல்லை. முக்கால் அங்குல இடைவெளியில் பிளைவுட் துண்டைச் செருகியிருந்தார்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் அங்கே இடைவெளி கூடாது.

இத்தனையும் மே மாதமே கண்ணுக்குத் தெரிந்திருக்கும். ஒரு ஏணியும் டார்ச்சும் போதும். ஆனால் ஹேங்கர் அடித்த மறுநாளே, "மழை வருவதற்குள் மூடிவிடலாம் டீச்சர்" என்று சொல்லி சீலிங் பலகையை அடித்துவிட்டார்கள். அன்று மாலையே கடைசித் தவணையையும் கொடுத்தேன். மச்சு கட்டுகிறவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: சீலிங் மூடுவதற்கு முன் ஒரு நாள் வேலையை நிறுத்துங்கள். ஒரு ஹேங்கரைக் கையில் வாங்கிச் சுரண்டுங்கள், தடிமனை அளந்து பாருங்கள். காலியான துளைகளை எண்ணுங்கள். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பணம் கொடுங்கள்.

இப்போது போட்டிருப்பவை 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹேங்கர்கள், உள்ளகலம் 50 மில்லிமீட்டர். ஆணிகளும் அதே 304. ஸ்டெயின்லெஸ்ஸையும் கால்வனைஸ்டையும் கலந்து அடித்தால் துத்தநாகம்தான் முதலில் அழியும் என்பதால் தச்சர் இதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. செதுக்கிய நுனிகளை வெட்டியெறிந்தால் சட்டம் எட்டாது. பத்தையும் புதிதாகவே வாங்கினோம்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். வேலைக்கு நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பாதிப்பு ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பில் கையில் இருந்ததால்தான் இதையாவது செய்ய முடிந்தது. கழற்றிய 20 ஹேங்கர்களும் முறிந்த ஸ்க்ரூக்களும் ஆணையம் கேட்கும்வரை அரிசிச் சாக்கில் கட்டிய நிலையில் என்னிடமே இருக்கும். கோத்தகிரிப் பக்கம் மர வேலை தொடங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் வந்து கையில் எடுத்துப் பார்க்கலாம்.