அட்டவணை, நேர்காணல், ஹானர்ஸ்: எதற்காகக் காத்திருக்கலாம்?

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் பிப்ரவரியும் மார்ச்சும் லேசில் நகராது. சில கல்லூரிகளிலிருந்து அட்மிஷன் வந்திருக்கும். மதிப்பெண்ணையும் திறமையையும் பார்த்துத் தரும் மெரிட் ஸ்காலர்ஷிப் எவ்வளவு, தேர்ந்த மாணவர்களுக்கான தனித் திட்டமான ஹானர்ஸில் இடம் உண்டா என்பது மட்டும் தெரிந்திருக்காது. கல்லூரியின் இணையப் போர்ட்டலைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்போதே மே 1 நெருங்கிவிடும். பெரும்பாலான கல்லூரிகளில் இடத்தை உறுதி செய்யும் டெபாசிட்டைக் கட்ட அதுதான் கடைசி நாள்.

எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்களிலும் எம்ஐடியிலும் மெரிட் ஸ்காலர்ஷிப் என்பதே கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி மட்டும்தான். அந்தக் கல்லூரிகளை இந்தக் கணக்கிலிருந்து முதலிலேயே எடுத்துவிடலாம். மற்றவற்றை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பேன், ஏனென்றால் மூன்றிலும் காத்திருப்பதன் பொருள் வேறு.

முதல் வகை அட்டவணை. அலபாமா பல்கலைக்கழகம் இதற்குப் பெயர் பெற்றது. பள்ளியில் இந்த ஜிபிஏ (சராசரி மதிப்பெண்), எஸ்ஏடி அல்லது ஏசிடி நுழைவுத் தேர்வில் இந்த மதிப்பெண் இருந்தால் இவ்வளவு தொகை என்று தளத்திலேயே போட்டிருப்பார்கள், வெளிமாநில மாணவர்களுக்குத் தனியாக. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்கும் முன்பே தொகையைக் கணித்துப் பார்க்கலாம். இங்கே காத்திருப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, உறுதிக் கடிதம் வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடிதத்தை ஊன்றிப் படிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஸ்காலர்ஷிப் தொடர எந்த ஜிபிஏ வேண்டும்? பல இடங்களில் 3.0 அல்லது அதை ஒட்டி இருக்கும். பள்ளியில் 4.0 வாங்கிய பிள்ளைக்கு இது அற்பமாகத் தெரியும். பொறியியல் முதலாண்டில் கால்குலஸும் இயற்பியலும் சேர்ந்து வரும்போது அப்படி இருக்காது. அப்புறம், தொகை டாலரில் நிலையாக உள்ளதா, கல்விக் கட்டணத்தின் சதவீதமாக உள்ளதா? கட்டணம் ஆண்டுதோறும் ஏறினால் நிலையான தொகை அதே இடத்தில் நிற்கும், ஏறிய மிச்சம் உங்கள் தலையில் விழும். முதலாண்டுச் செலவை விட்டுவிட்டு நான்கு ஆண்டுச் செலவை எழுதிப் பாருங்கள்.

இரண்டாவது வகை நேர்காணல். சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1945இல் தொடங்கிய மோர்ஹெட்-கெய்ன் ஸ்காலர்ஷிப் இதற்கு நல்ல உதாரணம். கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதில் அடங்கும், கோடைத் திட்டங்களுக்கும் பணம் உண்டு. ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள், கிடைப்பது மிகச் சிலருக்குத்தான். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பானெக்கர்-கீ ஸ்காலர்ஷிப்பும் கடும் போட்டி உள்ளதுதான். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமான யுஎஸ்சியில் டிரஸ்டி ஸ்காலர்ஷிப் முழுக் கல்விக் கட்டணத்தையும், பிரசிடென்ஷியல் பாதியையும் ஏற்கும். யுஎஸ்சியிலும் மேரிலாந்திலும் இவற்றுக்கு நவம்பர் 1க்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். மார்ச்சில் யோசிப்பவர்களுக்கு அந்தக் கதவு எப்போதோ சாத்தப்பட்டிருக்கும்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்திருந்தால் தாராளமாகக் காத்திருங்கள், போய் வாருங்கள். இறுதிச் சுற்று வரை போன பிள்ளைக்கே அது பெருமை, அதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். ஆனால் அழைப்பே வராத நிலையில் அதை நம்பி, உறுதியாக வந்த தொகையின் கெடு நாளைத் தவறவிட்டால் அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகிவிடும். முழுச் செலவையும் ஏற்கும் ஸ்காலர்ஷிப் வந்தால் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு: தங்குமிடம், சாப்பாட்டுக்குப் போகும் பங்கு வருமான வரிக் கணக்கில் வரும். கல்விக் கட்டணத்துக்குப் போகும் பங்கு வராது.

மூன்றாவது ஹானர்ஸ். பலர் இதையும் ஸ்காலர்ஷிப்பையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஹானர்ஸ் கிடைத்தும் ஒரு டாலர்கூடக் குறையாமல் போகலாம். அரிசோனா ஸ்டேட்டின் பாரெட் ஹானர்ஸ் கல்லூரிக்குத் தனி விண்ணப்பம், உள்ளே போனால் தனிக் கட்டணமும் உண்டு. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஷ்ரையர் ஹானர்ஸ் கல்லூரிக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டுரைகள். மேரிலாந்தில் தனி விண்ணப்பம் இல்லை, அட்மிஷனோடு அவர்களே அழைக்கிறார்கள். பாரெட்டிலும் ஷ்ரையரிலும் கடைசியில் ஆய்வேடு எழுதினால்தான் ஹானர்ஸ் பட்டம். அதில் ஆர்வமில்லாத பிள்ளையைப் பெயருக்காகச் சேர்த்தால் மூன்றாம் ஆண்டில் தானே விலகிவிடும்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி. ஒரு கல்லூரியில் நல்ல தொகை, ஹானர்ஸ் இல்லை. இன்னொன்றில் ஹானர்ஸ், பணம் இல்லை. நான்கு ஆண்டு வித்தியாசத்துக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தால் தயங்காமல் பணம் தரும் கல்லூரிதான் என் தேர்வு. கடன் இல்லாமல் சமாளிக்க முடியும், கல்லூரியும் பல்லாயிரம் பேர் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகம் என்றால் ஹானர்ஸ் பக்கம் சாய்வேன். காரணம் மதிப்பு அல்ல. வகுப்புப் பதிவில் முன்னுரிமை, சிறிய வகுப்புகள், பேராசிரியரோடு நேரடிப் பழக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் போல இடத்துக்கு அடித்துக்கொள்ளும் துறையில் பதிவு முன்னுரிமை ஒன்றே ஒரு செமஸ்டரை மிச்சப்படுத்தக்கூடும்.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் பிள்ளை இருக்கும் நம் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது. கூட்டாட்சி அரசின் மாணவர் உதவி அவர்களுக்குக் கிடையாது. கல்லூரியே தரும் மெரிட் தொகைதான் பல சமயம் ஒரே வழி. எனவே அட்டவணைக் கல்லூரி ஒன்றாவது பட்டியலில் இருப்பது அவசியம். விசா நிலை எஃப்-1 (மாணவர் விசா) ஆக மாறினாலும் அந்தத் தொகை தொடருமா, உள்மாநிலக் கட்டணம் பொருந்துமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஏப்ரல் பாதி வரை பதில் வராவிட்டால் கேட்பதில் தவறே இல்லை. கல்லூரிகள் கெடுவை நீட்டியதும் உண்டு. 2024இல் கூட்டாட்சி மாணவர் உதவிக்கான எஃப்ஏஎஃப்எஸ்ஏ படிவம் தாமதமானபோது பல கல்லூரிகள் மே 1ஐ மே 15க்கும் அதற்கு அப்பாலும் தள்ளின. பாதுகாப்புக்காக இரண்டு கல்லூரிகளுக்கு டெபாசிட் கட்டுவது மட்டும் வேண்டாம். இன்னொரு பிள்ளையின் இடத்தை அது பிடித்து வைக்கிறது. அதற்குப் பதில் அட்மிஷன் அலுவலகத்துக்குப் பிள்ளையே ஒரு மின்னஞ்சல் எழுதட்டும்: ஸ்காலர்ஷிப், ஹானர்ஸ் முடிவுகள் எந்தத் தேதிக்குள் வரும், வராவிட்டால் டெபாசிட் கெடுவை நீட்டுவீர்களா, ஹானர்ஸில் காத்திருப்போர் பட்டியல் உண்டா. மே 1க்குப் பிறகு வேறு கல்லூரிக்குப் போகிறவர்கள் விட்ட ஹானர்ஸ் இடங்கள் காலியாகும், அந்தப் பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கு அழைப்பு ஜூனிலும் வரலாம்.