டிஸ்க்பார்ட் யூஸ் பண்ணி ரெண்டாவது டிஸ்க்ல இருந்த பழைய விண்டோஸை தூக்கியாச்சு

புது எஸ்எஸ்டி வாங்கி அதுல விண்டோஸ் 10 ஃப்ரெஷ்ஷா போட்டேன், பழைய ஹார்ட் டிஸ்க்கை கழட்டாமயே. அதுலயும் ஏற்கனவே ஒரு விண்டோஸ் 10 இருந்துச்சு. அன்னிலேர்ந்து சிஸ்டம் ஆன் பண்ணா ரெண்டுல எது வேணும்னு ஒரு நீல ஸ்க்ரீன், ஒண்ணும் தொடாம விட்டா 30 செகண்ட் காத்திருக்கணும், பழைய டிஸ்க்ல இடமும் வேஸ்ட்.

பழைய விண்டோஸ் ஃபோல்டரை நேரா டெலிட் பண்ணா பர்மிஷன் இல்லன்னு நிக்குது. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல பெரிய பார்ட்டிஷனை அழிக்கலாம், ஆனா பக்கத்துல 100 எம்பிக்கு, சிஸ்டத்தை கிளப்பி விடுற ஃபைல் இருக்குற இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுல ரைட் கிளிக் பண்ணா ஹெல்ப் மட்டும்தான் வருது. ஃப்ரீன்னு சொன்ன ஒரு பார்ட்டிஷன் சாஃப்ட்வேரையும் போட்டு பார்த்தேன், பேர் வேண்டாம், எல்லாம் செட் பண்ணி அப்ளை அமுக்குற நேரத்துல காசு கேட்டுச்சு. அப்புறம்தான் விண்டோஸ்லயே இருக்குற, கமாண்ட் அடிச்சு டிஸ்க்கை பிரிக்கவும் அழிக்கவும் உதவுற டிஸ்க்பார்ட்டுக்கு வந்தேன்.

கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினா திறந்து டிஸ்க்பார்ட்னு அடிச்சா போதும். லிஸ்ட் டிஸ்க் போட்டா எல்லா டிஸ்க்கும் சைஸோட வரும், செலக்ட் பண்ணிட்டு டீட்டெயில் டிஸ்க் போட்டா மாடல் பேரும் உள்ள இருக்குற வால்யூம்களும் தெரியும். இந்த டீட்டெயில் டிஸ்க்கை தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க, ரீஸ்டார்ட் பண்ணா டிஸ்க் நம்பர் மாற வாய்ப்பிருக்கு, நேத்து 1-ஆ இருந்தது இன்னிக்கு 0-ஆ வரலாம்.

பழைய டிஸ்க்கை செலக்ட் பண்ணி, அதை மொத்தமா காலி பண்ற கிளீன் கமாண்டை அடிச்சேன், முடியாதுன்னு சொல்லிடுச்சு. இப்ப ஓடுற சிஸ்டத்தோட வால்யூம் அந்த டிஸ்க்லதான் இருக்காம். எனக்கு அது பெரிய உபகாரம், ஏன்னா எஸ்எஸ்டில விண்டோஸ் இருந்தாலும் அதை கிளப்பி விடுற பூட் ஃபைல் எல்லாம் பழைய டிஸ்க்கோட இஎஃப்ஐல உக்காந்திருந்துச்சு, அது போயிருந்தா மறுநாள் சிஸ்டமே எழுந்திருக்காது. பழைய டிஸ்க்கை கழட்டாம இன்ஸ்டால் பண்றவங்களுக்கு நிறைய பேருக்கு இதான் நடக்குது.

அதனால சி வால்யூமை செலக்ட் பண்ணி 300 எம்பி சுருக்கி, அந்த இடத்துல எஸ்எஸ்டிலயே புது இஎஃப்ஐ பார்ட்டிஷன் போட்டு, ஃபேட்32ல ஃபார்மட் பண்ணி ஒரு டிரைவ் லெட்டர் குடுத்து, வெளிய வந்து பிசிடிபூட் (bcdboot) கமாண்டால பூட் ஃபைலை அதுக்குள்ள எழுத வெச்சேன். டிஸ்க்கை பூட்டி வெக்குற விண்டோஸோட பிட்லாக்கர் ஆன்ல இருந்தா இதுக்கு முன்னாடியே சஸ்பெண்ட் பண்ணி ரெக்கவரி கீயை எடுத்து வெச்சிக்கோங்க. அப்புறம் ஷட்டவுன் பண்ணி பழைய டிஸ்க் கேபிளை உருவிட்டு ஆன் பண்ணேன், நேரா டெஸ்க்டாப் வந்துச்சு. அது வந்தப்புறம்தான் மறுபடி மாட்டி, பயாஸ்ல எஸ்எஸ்டியை முதல்ல வெச்சு, திரும்பவும் லிஸ்ட் டிஸ்க் பார்த்து கிளீன் அடிச்சேன், ஒரு செகண்ட் கூட ஆகல. உங்களுக்கு பூட் மெனுல பழைய வரி இன்னும் நின்னா எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் டேப்ல அதை செலக்ட் பண்ணி டெலிட் குடுங்க.

குறைன்னா ஒண்ணு இருக்கு, பெரிய குறை. ஓடுற சிஸ்டம் டிஸ்க்கை மட்டும்தான் டிஸ்க்பார்ட் காப்பாத்துது, ஃபோட்டோ வெச்சிருக்குற மூணாவது டிஸ்க்கை தப்பா செலக்ட் பண்ணி கிளீன் அடிச்சா நிஜமாவான்னு ஒரு வார்த்தை கேக்காது, அன்டூவும் கிடையாது. சம்பந்தமில்லாத டிஸ்க் எல்லாத்தையும் கழட்டி வெச்சிட்டு வேலை பாருங்க, பேக்கப் கட்டாயம். இன்னொண்ணு, வெறும் கிளீன் பார்ட்டிஷன் விவரத்தை மட்டும்தான் அழிக்கும், டிஸ்க்கை யாருக்காவது குடுக்கப் போறீங்கன்னா கிளீன் ஆல் போடுங்க, ஒவ்வொரு செக்டர்லயும் பூஜ்யம் எழுதும், பெரிய டிஸ்க்குன்னா மணிக்கணக்குல ஓடும்.

டிஸ்க்பார்ட்டுக்கு என் மார்க் 5-க்கு 4. கன்ஃபர்ம் கேக்காததுக்கு ஒண்ணு குறைச்சிட்டேன். பழைய டிஸ்க்கை இப்ப ஜிபிடிங்கற பார்ட்டிஷன் முறைக்கு மாத்தி பேக்கப்புக்கு வெச்சிருக்கேன்.