சித்திக்கு வாங்கிய ரோட்டரி கட்டர்: ஏழு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

குளச்சலில் இருக்கும் என் சித்தி இருபது வருடமாக ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறார். பழைய லுங்கி, வெளுத்துப்போன வாயில் சேலை, தெருமுனைத் தையற்கடையில் மிஞ்சும் வெட்டுத்துணி எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி இணைப்பார். நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு வேட்டித் துணி. மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டுவார். எங்கள் மாவட்டத்தில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. இரண்டிலும் வீட்டுப் பிள்ளைகள் சித்தியின் போர்வைக்குள்தான் கிடப்பார்கள்.

அவருக்குப் பரிசு வாங்குவது எளிதல்ல. இரண்டு வருடம் முன்பு, ஒரே அளவில் வெட்டி அடுக்கிய அச்சுத்துணிக் கட்டு ஒன்றைக் கொடுத்தேன். முகம் மலர வாங்கிக்கொண்டார். அது இன்றும் கட்டிய நாடா அவிழாமல் பீரோவில் இருக்கிறது. காரணம் கேட்டபோது, "துணி அழகுதான் மக்களே, ஆனால் அதில் நம் ஆள் யாரும் இல்லையே" என்றார். தாத்தாவின் லுங்கியும் அம்மாவின் சேலையும் இல்லாத போர்வையை அவரால் தைக்க முடியாது. போர்வை தைப்பவருக்குத் துணி வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசியுங்கள்.

போன அக்டோபரில் இரண்டு நாள் அங்கே தங்கினேன். அப்போதுதான் அவர் துணி வெட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சித்திக்கு இடக்கைப் பழக்கம். கையில் இருப்பதோ வலக்கைக்காரர்களுக்குச் செய்த கத்தரிக்கோல். அதை இடக்கையால் பிடித்தால், நாம் அழுத்தும் அழுத்தமே இரண்டு அலகையும் விலக்கிவிடும். துணி வெட்டுப்படாமல் நடுவில் மடிந்துகொள்ளும். மேல் அலகு கோட்டையும் மறைக்கும். அதனால் கட்டைவிரலை உட்பக்கமாக இழுத்து நெருக்கியபடியே வெட்டுகிறார். பத்துத் துண்டு வெட்டிவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்து, விரலின் அடிக்கணுவைத் தடவிக்கொள்கிறார். அந்தக் கணு வீங்கியே இருந்தது. இருபது வருடம் அந்தப் போர்வைகளைப் போர்த்திய நான் அதைக் கவனித்ததில்லை என்பது மனதை மிகவும் வருத்தியது.

அந்த வருத்தத்தில்தான் ரோட்டரி கட்டர் வாங்க முடிவு செய்தேன். பீட்சா வெட்டும் சக்கரம் போல உருளும் வட்டக் கத்தி அது. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் கொண்டுவந்தது. போர்வை தைப்பவர்கள் பலர் கத்தரிக்கோலை விட்டு இதற்கு மாறிவிட்டார்கள். 18, 28, 45, 60 மில்லிமீட்டர் என்று அளவுகள் உண்டு. நேர்கோட்டு வேலைக்கு 45 போதும். இடக்கைக்காரருக்கு வாங்குவதென்றால், திருகைக் கழற்றி பிளேடை மறுபக்கம் மாட்ட முடிகிறதா என்று கேட்டு வாங்குங்கள். சில கட்டர்களில் பிளேடு ஒரு பக்கம் நிரந்தரமாக இருக்கும். அவை சித்தி போன்றவர்களுக்கு ஆகாது.

கட்டர் தனியாக வேலை செய்யாது. அடியில் விரிக்க மேட் வேண்டும், ஓரம் பிடித்து வெட்டத் தடித்த அக்ரிலிக் ஸ்கேல் வேண்டும். நாகர்கோவிலில் வடசேரி பக்கம் ஒரு தையல் பொருள் கடையில் கட்டரும் ஐந்து உபரி பிளேடும் கிடைத்தன. கடைக்காரர் பொறுமையாகத் திருகைக் கழற்றி, பிளேடை மறுபக்கம் மாட்டி, ஒரு துண்டுத் துணியை என் இடக்கையில் கொடுத்து வெட்டிப் பார்க்கச் சொன்னார். கட்டர் 650 ரூபாய், பிளேடு 400. மேட்டும் ஸ்கேலும் அங்கே இல்லை. இணையத்தில் வாங்கினேன், இரண்டும் சேர்ந்து இரண்டாயிரம்.

அங்கேதான் ஒரு சிக்கல். மேட்டைச் சுருட்டிக் குழாயில் போட்டு அனுப்பியிருந்தார்கள். விரித்து மூன்று நாள் மேலே கனம் வைத்தும் நடுவில் அலைபோல எழும்பிய வளைவு போகவில்லை. அலை இருக்கும் இடத்தில் துணி முழுதாக வெட்டுப்படாது. திருப்பி அனுப்பி, தட்டையாகப் பொதிந்து அனுப்பும் வேறொரு விற்பனையாளரிடம் வாங்கினேன். கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் வந்து சேர்ந்தது. வாங்கியபின் காருக்குள் வெயிலில் விட்டாலும், மேலே இஸ்திரிப் பெட்டி வைத்தாலும் மேட் இதேபோல் வளைந்துவிடும்.

மேட், ஸ்கேல் அளவைப் பற்றியும் சொல்கிறேன். கடைத் துணியின் அகலம் பெரும்பாலும் 44 அங்குலம். இரண்டாக மடித்தால் 22. ஆகவே 24 அங்குல ஸ்கேலும் 60 சென்டிமீட்டர் நீள மேட்டும் இருந்தால் ஒரே இழுப்பில் வெட்டிவிடலாம். 12 அங்குல ஸ்கேல் விலை குறைவுதான், ஆனால் நடுவில் நகர்த்த வேண்டும். நகர்த்தும் இடத்தில் கோணல் விழும்.

இந்த வேலையில் கோணலுக்கு இடமே கிடையாது. போர்வைத் தையலுக்குக் கால் அங்குலம்தான் விடுவார்கள். நான்கு அங்குலச் சதுரம் வேண்டுமென்றால் நாலரையாக வெட்ட வேண்டும். ஒரு துண்டில் அரைக்கால் அங்குலம் பிசகினால், பன்னிரண்டு துண்டு வரிசையாகச் சேரும்போது ஒன்றரை அங்குலம் தள்ளிப்போய்விடும். சித்தி இதுவரை அந்தப் பிசகை இழுத்தும் சுருக்கியும் தையலில் சரிசெய்து வந்திருக்கிறார். 1820களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிவைத்த லேஸ் பின்னல் வேலையைச் சித்தியின் பாட்டியும் செய்தவர். திண்டு மேல் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போடும் வேலை அது. ஒரு நூல் இடம் மாறினாலும் அவிழ்க்கச் சொல்லும் வீட்டில் வளர்ந்தவரிடம்தான் இந்தக் கட்டரைக் கொடுத்தேன்.

முதல் வாரம் அவருக்குப் பிடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்தே வெட்டிப் பழகியவர். இதற்கோ மேலிருந்து அழுத்தம் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் மேட்டை விரித்து நின்றபடி வெட்டச் சொன்னபிறகுதான் கை படிந்தது. ஸ்கேல் வழுக்கியது. சித்தப்பா உப்புத்தாளைப் பொட்டுப் பொட்டாக வெட்டி அதன் அடியில் ஒட்டிக்கொடுத்தார், அதன்பின் அசையவில்லை. பொங்கலுக்கு நான் போனபோது லுங்கித் துணியை நான்கு மடிப்பாகப் போட்டு ஒரே உருட்டில் வெட்டினார். 'கர்ர்' என்று ஒரு மெல்லிய சத்தம். துண்டைத் தூக்கினால் விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. கட்டைவிரல் கைப்பிடி மேல் சும்மா சாய்ந்திருந்தது. இப்போது கணு வீக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறது.

மார்ச்சில் ஒரு குறை சொன்னார்: வெட்டிய கோட்டில் ஒரே இடைவெளி விட்டு ஒவ்வொரு நூல் அறுபடாமல் நிற்கிறது. அளந்து பார்த்தேன், பதினான்கு சென்டிமீட்டர். 45 மில்லிமீட்டர் சக்கரத்தின் சுற்றளவு அதுதான். பிளேடில் ஓர் இடத்தில் பல் விழுந்திருக்கிறது. குண்டூசி மேல் ஏறியிருக்க வேண்டும். பிளேடு மாற்றியதும் சரியானது. பழைய பிளேடைத் தகர டப்பாவில் போட்டு மூடி ஒட்டிவிட்டுத்தான் வெளியே போட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தியை உறைக்குள் இழுத்துவிடுவதும் கட்டாயம்; பேரப்பிள்ளைகள் நடமாடும் வீடு.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். உப்புக்காற்றில் பிளேடும் குண்டூசியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு வெள்ளைத் துணியில் பட்டால் எளிதில் போகாது. வாரம் ஒருமுறை பிளேடை ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே துருப்பிடிக்காத, கண்ணாடித் தலை வைத்த குண்டூசி ஒரு டப்பா வாங்கினேன், 180 ரூபாய். பிளாஸ்டிக் தலை இஸ்திரிச் சூட்டில் உருகித் துணியில் ஒட்டும், கண்ணாடி உருகாது. எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. அந்தப் பணத்துக்கு இதைவிட நல்ல பரிசு எனக்குத் தெரியவில்லை.

குறை என்று சொன்னால் ஸ்கேல்தான். அதில் கோடுகள் கறுப்பில் இருக்கின்றன. சேலைத் துணியில் பளிச்சென்று தெரிகிறது. கருநீல லுங்கி மேல் வைத்தால் கோடே தெரிவதில்லை. வாங்கும்போது எனக்குத் தோன்றவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாரலில் நனைந்தபடி சித்தி வீட்டுக்குப் போனேன். அப்பாவின் லுங்கியை மேசையில் விரித்து ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். "அடுத்த முறை வரும்போது மஞ்சள் கோடு போட்ட ஸ்கேல் ஒன்று பார்த்து வாங்கி வா மக்களே, அதுவரை இதை மடித்து வைக்கிறேன்" என்றார்.